குருதி எட்டாத எலும்பு

உடலை ஏழு கட்டுகளாக வகுத்துக் காண்பது சித்த மருத்துவ மரபு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்பன அவை. இவ்வரிசையில் ஐந்தாவதாக நிற்பது என்பு. இன்று நாம் எலும்பு என்று வழங்கும் பொருளுக்கு வள்ளுவர் ஆண்ட சொல்லும் அதுவே. செந்நீரும் ஊனும் எவ்வாறு உயிருள்ள கட்டுகளோ அவ்வாறே என்பும் உயிருள்ளது என்பது இவ்வகுப்பின் உட்கிடை எனலாம். ஆயினும் எலும்பை வீட்டைத் தாங்கும் உத்திரம்போல் எண்ணிப் பழகிவிட்டோம். உத்திரம் முறியலாம், செல்லரிக்கலாம், இறப்பு என்பது அதற்கு இல்லை. எலும்போ இறக்கும். உடையாமலும், கிருமி தொற்றாமலும், முதுமை எய்தாமலும், முப்பது நாற்பது வயதில் ஓடியாடித் திரியும் ஒருவரின் உடலுக்குள் ஓர் எலும்பின் ஒரு பகுதி மட்டும் ஓசையின்றி இறந்துபோவது உண்டு. அவ்விறப்பு மிகுதியும் நிகழுமிடம் இடுப்பு மூட்டு.

மருத்துவர் இதனை அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்பர், சுருக்கமாக ஏ.வி.என். என்று சீட்டில் எழுதுவர். குருதியோட்டம் அற்றமையால் நேரும் திசு இறப்பு என்பது அதன் பொருள். இதனைத் தமிழில் எச்சொல்லால் வழங்குவது என்பது வெறும் கலைச்சொல் வினாவன்று. இடுப்பிலோ தொடையிலோ வலி என்றால் நம் மக்கள் நாவில் முதலில் வருவது 'தேய்மானம்'; அடுத்தது 'வாய்வு'. தேய்மானம் என்றதும், வயதானால் வருவதுதானே என்று மனம் அமைந்துவிடுகிறது. வாய்வு என்றதும் கை பூண்டையும் பெருங்காயத்தையும் தேடுகிறது. இவ்விரு சொற்களின் நிழலில் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இந்நோயிலோ மாதங்களே முதல். ஆகவேதான் எலும்பு இறப்பு என்னும் அச்சந்தரும் தொடரையே இங்கு ஆள்கிறோம்.

ஒரே வாய்க்கால்

இடுப்பு மூட்டு, பந்து கிண்ண மூட்டு வகையினது என்று பள்ளிப் பாடநூல்களில் படித்திருப்போம். தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பின் குழிந்த கிண்ணத்துள் பொருந்திச் சுழல்கிறது. நாம் நடக்கும்போது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு அளவுக்குப் பளு இப்பந்தின்மேல் இறங்குகிறது. இத்துணைப் பளுவைச் சுமக்கும் உறுப்புக்குக் குருதி செல்லும் வழியோ மிகக் குறுகியது. தொடையின் பெருந்தமனியிலிருந்து வரும் கிளையொன்று தொடை எலும்பின் கழுத்தைச் சுற்றிவந்து, அக்கழுத்தை ஒட்டிய நுண்குழாய்களாகப் பிரிந்து மேலேறிப் பந்தினை அடைகிறது. கிண்ணத்தையும் பந்தையும் இணைக்கும் நாரின் வழியே மற்றுமொரு சிறு குழாய் வருவதுண்டு; வளர்ந்தோர்க்கு அதனால் பெரும்பயன் இல்லை.

வெள்ளாற்றங்கரையில் வாழும் நம் மாணவர்க்கு இதனை விளக்குவது எளிது. பந்து ஒரு கடைமடை வயல். அதற்கு ஒரே வாய்க்கால். வாய்க்கால் உடைந்தாலும், தூர்ந்தாலும், இருபுறக் கரையும் உள்நோக்கி நெருக்கினாலும் வயல் காயும். எலும்பு இறப்பின் காரணங்கள் பலவாயினும் அவை பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்கும்.

குருதி நின்ற ஓரிரு நாளில் எலும்பணுக்கள் மடிந்துவிடுகின்றன. ஆனால் அன்றே வலி எழுவதில்லை. அணுக்கள் மடிந்தபோதும் அவை கட்டிய சுண்ணக் கூடு, பட்டுப்போன பனைமரம் நெடுநாள் நிற்பதுபோல் நிற்கிறது. உடல் அதனைச் செப்பனிட முனைகிறது. இறந்ததை அரித்து அகற்றும் பணி விரைந்தும், புதியதை அடுக்கும் பணி மெதுவாகவும் நடைபெறுகின்றன. இந்த இடைவெளியிலேதான் பந்து வலுவிழக்கிறது. ஒவ்வோர் அடியும் அதன்மேல் சுமையாக இறங்க, மேற்பரப்பிலுள்ள குருத்தெலும்புக்கு அடியில் மெல்லிய பிளவு தோன்றுகிறது. எக்ஸ்ரே படத்தில் அது பிறை வடிவில் தெரியும். மருத்துவ நூல்களிலும் பிறைக் குறி என்றே பெயர் பெற்றுள்ளது. ரமலானுக்கும் பெருநாளுக்கும் பிறை தேடி வானத்தை நோக்கும் ஊரினர் நாம். இந்தப் பிறை மட்டும் எவர் படத்திலும் தென்படலாகாது. அது தோன்றுமுன் செய்யத்தக்க மருத்துவம் வேறு; தோன்றியபின் செய்யத்தக்கது வேறு. பிறைக்குப் பின் பந்து அமிழும், உருண்டை குலையும், குலைந்த பந்து கிண்ணத்தையும் அரைத்துக் கெடுக்கும்.

உயிர் காத்த மருந்து

விபத்தால் வராத எலும்பு இறப்புக்கு உலகெங்கும் முதன்மையாகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று ஸ்டீராய்டு மருந்து, மற்றொன்று மது.

ஸ்டீராய்டின் வரலாறு வியப்புக்குரியது. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டு அழற்சியால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிசோன் ஊசி இடப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிட்டியது. 1957ஆம் ஆண்டிலேயே, இம்மருந்தை உண்டோர்க்கு எலும்பு இறக்கிறது என்னும் செய்தி இத்தாலிய மருத்துவர்களால் எழுதப்பெற்றது. புகழ் பரவிய அளவுக்கு எச்சரிக்கை பரவவில்லை.

இம்மருந்து எவ்வாறு எலும்பைக் கொல்கிறது என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மச்சையிலுள்ள கொழுப்பணுக்கள் பருத்து உள்ளழுத்தத்தை உயர்த்துகின்றன என்பர் ஒரு சாரார். கொழுப்புத் துளிகளும் குருதிக் கட்டிகளும் நுண்குழாய்களை அடைக்கின்றன என்பர் மற்றொரு சாரார். கரை நெருக்குதல், வாய்க்கால் தூர்தல் என்று நாம் சொன்ன இரண்டுமே நிகழலாம்.

2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் பரவியபோது சீனாவிலும் ஹாங்காங்கிலும் பெருமளவில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. பிழைத்தெழுந்தோருள் பலர்க்கு, அவர்களுள்ளும் நோயாளிகளைப் பேணிய மருத்துவமனை ஊழியர் பலர்க்கு, பின்னர் இடுப்பெலும்பு இறந்தது. இந்தப் பாடம் நம் நாட்டில் 2021இல் மீண்டும் படிக்கப்பட்டது. மும்பை மாஹிமிலுள்ள இந்துஜா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் சஞ்சய் அகர்வாலாவும் குழுவினரும், கொரோனாவிலிருந்து மீண்ட மூவரிடம் எலும்பு இறப்பைக் கண்டு மருத்துவ இதழொன்றில் எழுதினர். மூவரும் நாற்பது வயதுக்கு உட்பட்டோர். அவர்கள் உட்கொண்ட பிரெட்னிசலோனின் மொத்த அளவு 400 முதல் 1250 மில்லிகிராம் வரை; சராசரி 758. அதுவரை, ஏறத்தாழ 2000 மில்லிகிராமைத் தாண்டினாலே இந்நோய் வரும் என்றும், வருவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்றும் எண்ணியிருந்தனர். இவர்களுக்கோ, நோய் உறுதியான நாளிலிருந்து சராசரி 58ஆம் நாளிலேயே அது வெளிப்பட்டது. கொரோனா நோயே குருதியை உறையச் செய்யும் இயல்பினது ஆகையால், மருந்தும் நோயும் கைகோத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இம்மூவரும் மருத்துவர்கள் என்பது நாளேடுகளில் வெளியான செய்தி. ஆதலால் தொடையின் வலியை இன்னது என்று உணர்ந்து உடனே வந்து சேர்ந்தனர். மருத்துவம் படியாத ஒருவர்க்கு அதே வலி வந்திருந்தால் எங்குச் சென்றிருப்பார் என்பதே நம் கவலை.

இதனால் ஸ்டீராய்டைக் கொடுத்தது பிழை என்று கொள்ளலாகாது. இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் வெளியிட்ட முடிவின்படி, நாள்தோறும் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் பத்து நாள் வரை கொடுத்ததால், மூச்சுக் கருவியிலிருந்த நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத எளிய நோயாளிகளுக்கோ அதனால் நன்மை ஏதும் இல்லை. 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஏறத்தாழ 40 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்கு நிகர். பத்து நாளுக்கு 400. மும்பை நோயாளிகள் உட்கொண்டவற்றுள் மிகக் குறைந்த அளவும் அதுவே. உயிருக்குப் போராடியவர்க்கு இது ஏற்கத்தக்க விலை. வீட்டில் இருமிக்கொண்டு கிடந்தவர்க்கு அன்று.

நம் ஊர்ப்புறத்து நிலை

லப்பைக்குடிக்காட்டில் கணவரோ மகனோ வளைகுடா நாட்டிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பொருளீட்டும் வீடுகள் பல. அவர்களுள் மிகப் பலர் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். எலும்பு இறப்பு தேடிவரும் வயதும் அதுவே. ஊர்தி ஓட்டுதல், ஏணியேறுதல், கடையில் நாள்முழுதும் நிற்றல் எனக் கால்களை நம்பியே அவர்கள் வாழ்கின்றனர். உடல் நலிந்தால் விசா புதுப்பிக்கப்படாதோ என்னும் அச்சமும் உடன் உண்டு. எனவே வலியை மறைப்பர். விரைந்து தணிக்கும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவர். மூச்சிரைப்பு, தோல் அரிப்பு, மூட்டு வீக்கம், தும்மல் என எதற்கும் அந்தச் சிறு மாத்திரை வியக்கத்தக்க வண்ணம் கேட்கும். கேட்பதனால்தான் அது மீண்டும் வாங்கப்படுகிறது. மெலிந்த பெண்கள் உடல் தேறுவதற்கென்று இதே மாத்திரையை உண்ணும் வழக்கமும் உண்டு. முகம் பூரிப்பதை நலமென்று மயங்குகின்றனர். பெயர்ச்சீட்டு ஒட்டாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தமை பற்பல சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. நாட்டு மருந்து என்ற நம்பிக்கையில் உண்பவர்க்குத் தாம் உண்பது இன்னது என்றே தெரியாது.

எம் உறவினர் ஒருவர் வளைகுடாவில் சரக்குந்து ஓட்டியவர். விடுமுறையில் வந்தபோது அரைப்பகுதியில் வலி என்றார். "வாய்வுப் பிடிப்புதான் மச்சான், தைலத்தைப் போட்டு நீவி விட்டால் சரியாகிவிடும்" என்று கூடியிருந்தோர் உறுதி கூறினர். நீவினர். எக்ஸ்ரே எடுத்த இடத்திலும், எலும்பு நன்றாயிருக்கிறது என்று அனுப்பிவிட்டனர். அடுத்த விடுமுறையில் அவர் ஊன்றுகோலோடு வந்திறங்கினார். பல்லாண்டுகளாகத் தோல் நோய்க்கு அவர் உண்டுவந்த மாத்திரை எது என்று அதன்பிறகே எவரோ ஒருவர் கேட்டார்.

ஆகவே பெயர்களைத் தெரிந்துகொள்வது முதற்காப்பு. பிரெட்னிசலோன், மெத்தில்பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டிஃப்லாசகார்ட் ஆகிய ஐந்து பெயர்களும் ஸ்டீராய்டைக் குறிப்பன. மாத்திரை அட்டையின் பின்புறம் இவற்றுள் ஒன்று அச்சிடப்பட்டிருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் அதனை உண்ணலாகாது. எழுதித் தந்தாலும், எத்தனை நாள், எப்போது குறைப்பது என்று கேட்டறிதல் வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்குதல் கூடாது. மூன்று மாதத்திற்குள் மொத்தம் 2000 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்கு மேற்பட்ட அளவையும், அதனைத் தொடர்ந்த ஈராண்டுகளையும் இந்நோய்க்குரிய எல்லையாக வல்லுநர் குழுவினர் வகுத்துள்ளனர். ஆயினும் மும்பைச் செய்தி, அவ்வெல்லைக்கு உள்ளேயும் இடர் உண்டு எனக் காட்டுகிறது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. நெடுநாள் ஸ்டீராய்டு உண்டுவருவோர் இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடலாகாது; உடல் தானாகச் சுரக்கும் சுரப்பு ஒடுங்கியிருக்குமாதலால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். மற்றொன்று, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தில் ஸ்டீராய்டு இருப்பினும் அதன் அளவு மிகச் சிறிது. மாத்திரைக்குரிய அச்சத்தை அதன்மேல் ஏற்றி உறிஞ்சியைக் கைவிடுவது பேதைமை.

ஏனைய காரணங்கள்

மதுவைப் பற்றி நம் வாசகருள் பலர், அது எமக்கில்லை என்று கடந்துவிடக்கூடும். கல்லூரி ஆசிரியர்க்கு அந்த உறுதி வாய்ப்பதில்லை. வாரத்திற்கு 400 மில்லிலிட்டர் தூய சாராயம் என்பது ஆய்வாளர் குறிக்கும் எல்லை. நம் மாநிலத்தில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் சாராயம் 42.8 விழுக்காடு, 180 மில்லிலிட்டர் கொண்ட குவார்ட்டர் புட்டிகள் வாரத்திற்கு ஐந்தைத் தாண்டினாலே அவ்வெல்லை எட்டப்பட்டுவிடும். நாளொன்றுக்கு ஒரு புட்டி என்பது பல கூலித் தொழிலாளர்க்கு இன்று வழக்கமாகிவிட்டது. புகைத்தலும் இடரை மிகுவிக்கும்.

வாய்க்கால் உடைதலுக்குச் சான்று விபத்து. பந்து கிண்ணத்திலிருந்து நழுவினாலோ, தொடை எலும்பின் கழுத்து முறிந்தாலோ அதனை ஒட்டிய குழாய்கள் அறுபடுகின்றன அல்லது முறுக்கேறுகின்றன. நழுவிய பந்தை ஆறு மணி நேரத்திற்குள் கிண்ணத்தில் சேர்த்துவிட்டால் எலும்பு பிழைக்க வாய்ப்பு மிகுதி. கை முறிவுக்கும் கால் முறிவுக்கும் புத்தூர்க் கட்டை நாடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. அதன் சிறப்பையோ குறையையோ ஆராய்வது நம் நோக்கமன்று. இடுப்பில் அடிபட்டவரை மட்டும் நேரே எலும்பியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும். உருவுதலும் நீவுதலும் அங்கு ஆகா.

வாய்க்கால் தூர்தலுக்குத் தமிழகத்திலேயே ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுச் சோகையின் கூறு இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். இந்தியாவில் அந்நோய் பதிவானது அதுவே முதன்முறை. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. இருளர், குறும்பர், பணியர் ஆகிய மக்களின் பிள்ளைகள் சிலர், இருபது வயதிலேயே இடுப்பைத் தாங்கித் தாங்கி நடக்க நேர்வது இதனால்தான். 2023 ஜூலை முதல் நாளில் மத்திய அரசு இந்நோயை ஒழிப்பதற்கெனத் தொடங்கிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரை உள்ளோரைச் சோதிக்கிறது. இருவரும் இக்கூறு உடையோரா என்பதை மணத்திற்கு முன் அறிந்துகொள்வது நல்ல காப்பு.

ஆழ்கடலில் காற்றுக் குழாயோடு மூழ்கி விரைந்து மேலெழுவோர்க்குக் குருதியில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றி இதே அடைப்பை உண்டாக்கும். சங்கு குளிக்கும் மன்னார் வளைகுடாத் தொழிலாளர் இதனை அறிந்திருத்தல் நன்று. சிறுவர்க்கு, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதினர்க்கு, வரும் பெர்த்தஸ் நோயும் இவ்வகையினதே; அது தனிக் கட்டுரைக்குரியது. குண்டிக்காய் மாற்று அறுவை செய்துகொண்டோர், லூபஸ் நோயுற்றோர் ஆகியோரும் விழிப்போடிருத்தல் வேண்டும்.

அறியும் வழி

வலி எழுமிடத்தை நுணுகி நோக்க வேண்டும். இடுப்பு வலி என்று நாம் சொல்வது பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதி வலியே. மூட்டின் வலியோ முன்புறம், தொடையும் வயிறும் கூடும் அரைப்பகுதியில் எழும். சிலர்க்கு அது முழங்காலில் மட்டும் தோன்றி ஏமாற்றும். முழங்காலுக்கே மாதக்கணக்கில் மருந்து பூசியோர் உண்டு. சம்மணமிடும்போது ஒரு தொடை மட்டும் விரிய மறுத்தல், தொழுகையில் அமர்ந்து எழும்போது ஒருபுறம் பிடித்திழுத்தல், இருசக்கர ஊர்தியில் காலைத் தூக்கிப் போட இயலாமை, இரவில் படுத்தபின்னும் வலி தொடர்தல் ஆகியவை தொடக்கக் குறிகள். இளையோர் ஒருவர் திடீரெனப் பள்ளிவாசலில் நாற்காலி தேடினால், சோம்பல் என்று கருதாமல், என்ன வலி என்று அன்போடு வினவலாம்.

தொடக்க நிலையில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாது என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. படமே அதனைக் காட்டும். ஸ்டீராய்டு உண்ட வரலாறோ மதுப்பழக்கமோ உள்ள ஒருவர்க்கு அரைப்பகுதி வலி சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், எக்ஸ்ரே நன்று என்ற சொல்லோடு வீடு திரும்பலாகாது. விபத்தால் வராத நோயுடையோருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரு இடுப்பும் பாதிக்கப்படுவதால், வலியில்லாத பக்கத்தையும் சேர்த்தே படம் எடுக்கச் சொல்ல வேண்டும். பல வேளைகளில் நாம் காப்பாற்றக் கூடியது அந்த வலியில்லாத இடுப்பையே.

பிறைக்கு முன் கண்டறிந்தால், பந்தினுள் சிறு துளையிட்டு அழுத்தத்தைத் தணிக்கும் அறுவை உண்டு. எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் என்னும் மாத்திரையை இந்நோய்க்குப் பயன்படுத்தி, அதன் பயனை 2005இல் மேற்சொன்ன அகர்வாலா குழுவினர் வெளியிட்டனர். எல்லா ஆய்வுகளும் அதனோடு உடன்படவில்லை எனினும் பல மருத்துவர் அதனைக் கொடுத்துவருகின்றனர். பளுவைக் குறைக்க ஊன்றுகோல் உதவும். அதனை வலிக்கும் பக்கத்திலன்றி, எதிர்ப்பக்கக் கையில் பிடித்தல் வேண்டும். பந்து அமிழ்ந்துவிட்டாலோ மூட்டு மாற்று அறுவையே வழி. ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் 1962இல் செம்மைப்படுத்திய அறுவை அது. இருபதாண்டு கடந்தும் உழைக்கும் செயற்கை மூட்டுகள் உள்ளன. ஆயினும் முப்பது வயதில் பொருத்தப்பட்டவர்க்கு வாழ்நாளில் மற்றுமோர் அறுவை தேவைப்படலாம். தரையில் அமர்வதும் ஆழக் குனிவதும் எந்த அளவுக்கு ஆகும் என்பதையும் அறுவை செய்தவரிடமே கேட்டறிய வேண்டும்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் இவ்வறுவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ச் செய்யப்படுகிறது. நம் பகுதியினர்க்குத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது. அரியலூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. செல்வோர் காப்பீட்டு அட்டையோடு, முன்பு உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும், வெளிநாட்டில் எழுதித் தந்த சீட்டுகளையும், கொரோனாவுக்குப் படுத்திருந்தால் அம்மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டையும் எடுத்துச் செல்லட்டும். பெயர் தெரியாத பொடி ஏதேனும் உண்டிருந்தால் அதில் ஒரு பொட்டலத்தையும் நாணாது உடன்கொண்டு சென்று, மருத்துவர் மேசைமேல் வைக்கட்டும்.